கண்ணாடி காட்டும் உள்காயம்

அய்யா வைகுண்டரின் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் பள்ளியறைக்குள் உருவச் சிலை கிடையாது. நிலைக்கண்ணாடி இருக்கிறது, அதன் முன்னே விளக்கு எரிகிறது. தலைப்பாகை கட்டி வந்து நிற்கும் அன்பர் அந்தக் கண்ணாடியில் காண்பது தன் முகத்தைத்தான். இறைவன் உள்ளே இருக்கிறார், அங்கே தேடு என்பதே அந்தக் கண்ணாடி சொல்லும் பாடம் என்று பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

ஆனால் கண்ணாடி முன் நிற்பவர்களில் பலர், நாமம் நேராக இருக்கிறதா, தலைப்பாகை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். தன் கண்ணைத் தானே உற்றுப் பார்க்கப் பலருக்கும் கூச்சம். அந்தக் கூச்சத்துக்குக் காரணம் உண்டு. இறைவன் இருக்கும் அதே உள்ளத்தில், பல வருடமாக மூடி வைத்த காயமும் இருக்கிறது. காயத்தைப் பார்க்கப் பயப்படுகிறவர் உள்ளே போகவே பயப்படுவார். அப்படி மறைந்து கிடக்கும் காயத்தை அறிந்து ஆற்றிக்கொள்வது எப்படி என்பதே இந்தப் பாடம்.

உள்காயம் என்பது என்ன?

மேலே தோல் கிழிந்தால் ரத்தம் வரும். எல்லோரும் பார்ப்பார்கள், மருந்து போடுவார்கள். உள்காயத்தில் ரத்தம் வராது. மேலே தோல் நன்றாக இருக்கும், உள்ளே கன்றிப் போயிருக்கும். யாராவது தெரியாமல் அந்த இடத்தைத் தொட்டால் மட்டும் உயிர் போகிற மாதிரி வலிக்கும். மனத்துக்கும் இதே கதைதான்.

மதுரை கீழமாசி வீதியில் பலசரக்குக் கடைகள் வரிசையாக இருப்பதை எல்லோரும் அறிவார்கள். தென்மாவட்டங்களிலிருந்து சிறு வயதில் கடை வேலைக்கு வந்து, பின்னால் சொந்தக் கடை வைத்து நிமிர்ந்தவர்கள் மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் ஏராளம். அப்படி ஒருவரை உதாரணத்துக்கு நினைத்துப் பார்க்கலாம்.

பன்னிரண்டு வயதில் ஊரைவிட்டு வந்தவர். ஒரு நாள் வெல்லம் நிறுத்ததில் பிசகு வந்துவிட்டது. முதலாளி நாலு பேர் முன்னால் கணக்கு நோட்டால் தலையில் அடித்து, “சோத்துக்கு வந்த பய” என்று சொல்லிவிட்டார். பையன் அழவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஊருக்குப் போனபோது அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா வேலைக்குப் போக வேண்டாம் என்பாள், வீட்டில் அடுப்பு எரியாது.

நாற்பது வருடம் ஓடிவிட்டது. இன்று திருமங்கலம் பக்கம் அவருக்குச் சொந்தக் கடை. ஞாயிறு தவறாமல் தாங்கலுக்குப் போகிறார், அன்னதர்மத்துக்கு அரிசி கொடுக்கிறார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் அவருடைய மகன் கல்லாவில் சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்துவிட்டான். அவர் கடையே அதிரும்படி கத்தினார். “சோத்துக்குத்தான் லாயக்கு நீ” என்றார். வாடிக்கைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மகன் மறுநாளிலிருந்து கடைக்கு வரவில்லை. பார்சல் குடோன் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அப்பா தூங்கிய பிறகுதான் வீட்டில் சாப்பிடுகிறான்.

மனைவி ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்: “ஏங்க, அவன் உங்க மகன். வேலைக்கு வந்த பையன் இல்ல.”

அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. மகனிடம் பேசியது தன் வாய்தான். ஆனால் அந்த வார்த்தை பழைய முதலாளியின் வார்த்தை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

உள்காயம் இப்படித்தான் வேலை செய்கிறது. சின்னத் தப்புக்குப் பெரிய கோபம் வருவது, யாராவது மரியாதைக் குறைவாகப் பார்த்தாலே உடம்பு நடுங்குவது, யார் பாராட்டினாலும் நம்ப முடியாமல் போவது, காரணம் தெரியாமல் குடிக்குப் போவது, வீட்டாரோடு மாதக்கணக்கில் பேசாமல் இருப்பது ஆகியவற்றின் அடியில் பல நேரம் ஒரு பழைய காயம் இருக்கும்.

அய்யா கண்ட காயம்

அய்யா அவதரித்த காலத்தில் தென் திருவிதாங்கூரில் ஒரு சமுதாயமே காயப்பட்டுக் கிடந்தது. தலைக்கு வரி கட்ட வேண்டும். ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. தோள்சீலைப் போராட்டம் பல வருடம் நடந்து, 1859-ல்தான் அரசு இறங்கி வந்து அறிக்கை விட்டது. குழந்தைக்குப் பெற்றோர் வைத்த ‘முடிசூடும் பெருமாள்’ என்ற பெயரைக்கூட மேல்சாதியார் பொறுக்காததால் ‘முத்துக்குட்டி’ என்று மாற்ற வேண்டி வந்தது என்பதை அன்புக்கொடி மக்கள் அறிவார்கள்.

பெயரில் முடி இருக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர், பின்னாளில் ஆண்கள் எல்லோரும் தலைப்பாகை கட்டித்தான் வணங்க வேண்டும் என்று ஏற்படுத்தினார். குனிந்து குனிந்து பழகிய மனிதனைத் தலைப்பாகையோடு கண்ணாடி முன் நிற்க வைத்தார். ‘ஊர் உன்னைச் சொன்ன சொல் நீ அல்ல, உள்ளே இருப்பதைப் பார்’ என்பதே அதன் பொருள். அவமானத்தால் வந்த காயத்துக்கு அய்யா கொடுத்த மருந்து அது.

மதுரையிலும் இந்தக் காயம் உண்டு. 1939 ஜூலை 8-ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்டோரும் நாடார் ஒருவரும் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். ஏட்டுச் சுவடியாக இருந்த அகிலத்திரட்டு அம்மானை அச்சில் வந்ததும் அதே 1939-ல்தான். கோயில் வாசல் ஒரு நாளில் திறந்தது. வாசலுக்கு வெளியே தலைமுறை தலைமுறையாக நின்றவர்களின் மனம் ஒரு நாளில் திறந்துவிடாது. பட்ட அவமானம் பிள்ளையிடம் பேசும் குரலில், மனைவியை அதட்டும் அதட்டலில், தனக்குக் கீழே வேலை பார்ப்பவரை நடத்தும் விதத்தில் வெளிவந்துகொண்டே இருக்கும்.

குறோணியின் ஆறு துண்டுகளில் கடைசித் துண்டு, கலியுகத்தில் மாயையாக மனிதர் மனத்துக்குள் புகுந்தது என்பது அய்யாவழியின் நம்பிக்கை. கலி வெளியிலிருந்து வாளோடு வரும் அசுரன் அல்ல. முதலாளி பையனை அடித்தபோது கலி ஒரு கை மாறியது. அந்தப் பையன் வளர்ந்து தன் மகனைப் பேசியபோது இன்னொரு கை மாறியது. காயத்தை அடுத்தவர் கையில் கொடுக்காமல் தன்னிடமே நிறுத்துகிறவர் கலியை ஒரு இடத்திலாவது தடுத்து நிறுத்துகிறார்.

பள்ளம், தரை, மேடை

அய்யா சாமித்தோப்பில் ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிப் பள்ளத்துக்குள். அடுத்த இரண்டு ஆண்டுகள் தரையில். கடைசி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த மேடையில். அந்தத் தவத்தின் பெரும்பொருள் உலகைத் தழுவியது. எளிய மனிதர் தன் உள்காயத்தை ஆற்றிக்கொள்ளவும் அந்த மூன்று நிலைகளிலிருந்து ஒரு வழியைக் கற்றுக்கொள்ளலாம்.

முதல் நிலை பள்ளம், அதாவது இறங்கிப் பார்ப்பது. கோபமோ துக்கமோ பொங்கும்போது, ‘யார் தப்பு’ என்று கேட்பதற்கு முன் ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சிலருக்குத் தொண்டை அடைக்கும், சிலருக்கு நெஞ்சு இறுகும், சிலருக்கு வயிறு பிசையும். பிறகு, ‘இதே வலி முதலில் எப்போது வந்தது’ என்று கேட்க வேண்டும். பதில் உடனே வராது. சில நாள் கழித்து, பேருந்தில் போகும்போதோ குளிக்கும்போதோ ஒரு பழைய முகம் நினைவுக்கு வரும். திருமங்கலத்துக் கடைக்காரருக்கு வெல்ல வாசனை வந்தபோது நினைவு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நிலை தரை. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், உள்ளது உள்ளபடி தரையில் வைப்பது. ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, எல்லோரும்தான் அடிபட்டோம்’ என்பது குறைப்பது. ‘அதனால்தான் என் வாழ்க்கையே போச்சு’ என்பது கூட்டுவது. இரண்டும் வேண்டாம். ஒரு நோட்டில் மூன்று வரி போதும். என்ன நடந்தது, அப்போது மனம் எப்படி இருந்தது, அதற்குப் பிறகு தான் என்ன செய்துகொண்டு வருகிறார் என்ற மூன்று வரி. அந்தக் கடைக்காரர் எழுதினால் இப்படி இருக்கும்: “நாலு பேர் முன்னால அடிச்சாங்க. வெக்கமா இருந்துச்சு. அதுக்கப்புறம் எங்க தப்பு நடந்தாலும் எனக்குப் பயம் வருது, அந்தப் பயம் கோபமா வெளிய வருது.” தன் கோபத்துக்கு அடியில் இருப்பது பயம் என்று கண்டுகொண்ட அன்றே பாதிக் கட்டு அவிழ்ந்துவிடும்.

எழுதிப் பார்ப்பதன் பலனை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பென்னிபேக்கர் என்ற மனவியல் அறிஞர், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனத்தை வருத்திய அனுபவங்களை எழுதச் சொன்னார். அந்த ஆய்வு 1986-ல் வெளிவந்தது. எழுதிய உடனே அவர்களுக்கு மனம் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவான தடவைதான் மருத்துவரிடம் போனார்கள். முதலில் கனக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். தாங்க முடியாத அளவுக்குக் கனத்தால் நோட்டை மூடிவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் போய் உட்கார வேண்டும். தனியாக இருந்து போராடக் கூடாது.

மூன்றாம் நிலை மேடை, அதாவது எழுந்து நிற்பது. தாழ்ந்து கிடப்பவரைக் கைகொடுத்துக் காப்பதே தர்மம் என்பது அய்யாவின் போதனை. தன் காயத்தால் தாழ்ந்து போனவர் யார் என்று பார்த்து, முதலில் அவருக்குக் கை கொடுக்க வேண்டும். அந்தக் கடைக்காரர் ஒரு நாள் இரவு தூங்காமல் மகன் வரும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார். “மக்ளே, அன்னைக்குக் கடையில நாலு பேர் முன்னால ஒன்ன ஏசினது தப்பு. சின்ன வயசுல என்னையும் அப்படி ஏசினாங்க. அது ஒனக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்ல. அதுக்காக நான் ஒன்ன ஏசலாம்னு ஆயிராது” என்கிறார். மகன் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்கிறான். பிறகு, “சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்கிறான்.

அவ்வளவுதான். மகன் கடைக்குத் திரும்பி வராமலும் போகலாம். அது அவன் விருப்பம். ஆனால் அன்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நாற்பது வருடமாகக் கைமாறி வந்த வார்த்தை பேரனிடம் போகாமல் அந்த வாசல்படியோடு நின்றுவிடும்.

பொறுமையும் புதைத்தலும்

பொறுமையைப் பற்றி அய்யா திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, பொறுமை என்றால் வலியை விழுங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. விழுங்குவது பொறுமை ஆகாது. அது புதைத்தல். புதைத்தது ஒரு நாள் முளைக்கும்.

அய்யாவின் பொறுமை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் அய்யாவைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் நூறு நாளுக்கு மேல் சிறை வைத்தார்கள். அய்யா ஆயுதம் எடுக்கவில்லை, மக்களையும் எடுக்கச் சொல்லவில்லை. அதே நேரம், தன் சாதியாரோடு மட்டும் நின்றுகொள்வதாக ஒப்புக்கொண்டால் விடுதலை என்று சொன்னபோது அதற்கு இணங்கவும் இல்லை. அடிக்குப் பதில் அடி இல்லை, அநியாயத்துக்குத் தலையாட்டலும் இல்லை. இதுதான் பொறுமை. காயப்பட்டவர் பொதுவாகத் தன் வட்டத்துக்குள் சுருங்கிக்கொள்வார். அய்யாவோ எல்லாச் சாதியாரையும் முத்திரிக் கிணற்றின் ஒரே தண்ணீரில் குளிக்க வைத்து, ஒன்றாக அமர்ந்து உண்ண வைத்தார்.

ஆகவே வீட்டில் அடிபடும் பெண்ணிடம் ‘பொறுத்துப் போ, அய்யா பார்த்துக்கொள்வார்’ என்று சொல்வது அய்யாவின் போதனை ஆகாது. அவருக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181. காயப்படுத்தியவர் முன்னால் போய் நின்று மன்னித்தால்தான் காயம் ஆறும் என்ற கட்டாயமும் இல்லை. அவர் இறந்து போயிருக்கலாம், திருந்தாமலே இருக்கலாம். காயப்பட்டவர் செய்ய வேண்டியது, காயத்தை அறிந்து, அதை இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருப்பது.

மருந்து தேவைப்படும் இடம்

வாகைப்பதியில் எழுநூறு குடும்பத்தார் துவையல் தவசு இருந்தபோது நாள்தோறும் உடுதுணியைத் துவைத்தார்கள், ஒரு வேளை உண்டார்கள். ஒரு நாள் துவைத்தால் போதும் என்று இருக்கவில்லை. மனத்தையும் அதுபோல் தினமும் துவைக்கலாம். ஆனால் எல்லாக் காயமும் வீட்டில் துவைத்து ஆறுகிற காயம் அல்ல. வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல் போனால், சாப்பாடு இறங்காமல் போனால், இல்லாத குரல் கேட்டால், உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அது மருத்துவரிடம் போக வேண்டிய காயம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்து, சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். தீயைக் கண்டும் ஓட முடியாமல் சங்கிலி அவர்களைப் பிடித்துக்கொண்டது. எந்த மதத்தின் புனித இடத்தைத் தேடி வந்தாலும், மனம் நொந்தவரைக் கட்டி வைப்பது தர்மம் அல்ல. தாங்கலுக்கு அப்படி ஒருவரை அழைத்து வந்தால், நாமமும் தண்ணீரும் கொடுத்து, சாப்பிட வைத்து, மருத்துவரிடமும் கூட்டிப் போவதே பணிவிடை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவரை ‘அய்யாவை நம்பினால் போதும், மாத்திரையை நிறுத்து’ என்று யாரும் சொல்லக் கூடாது.

மதுரை கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரி என்று மக்கள் அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் மதுரையில் பல வருடமாக மனநலப் பணி செய்து வருகிறது. வெளியே போகக் கூச்சப்படுகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் போன் செய்து தமிழிலேயே பேசலாம். அது 2022-ல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை.

வீட்டில் செய்து பார்க்க

மாலை உகப்படிப்பு முடிந்த பின் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். வீட்டில் இருக்கும் சின்னக் கண்ணாடியின் முன் விளக்கேற்றி உட்கார வேண்டும். முதலில் தன் கண்ணைத் தானே அமைதியாகப் பார்க்க வேண்டும். பிறகு மூன்று கேள்வி.

1. இன்று என்னை எது சுட்டது? உடம்பில் எந்த இடத்தில் வலித்தது?

2. இந்த வலி இன்று வந்ததா, பழையதா?

3. இந்த வலியை இன்று யாரிடமாவது கொடுத்தேனா? கொடுத்திருந்தால், தூங்கும் முன் அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை அன்றே செய்து முடிக்க வேண்டும். மனைவியிடம், கணவரிடம், பிள்ளையிடம், கடைப்பையனிடம் ‘தப்பு என்னுடையது’ என்று சொல்வதால் தலைப்பாகை இறங்கிவிடாது. வெளியே ஆயிரம் பேருக்கு அன்னதர்மம் செய்பவரும் வீட்டுக்குள் ஒருவர் மனம் பட்டினி கிடக்க விடக் கூடாது.

அடுத்த ஞாயிறு தாங்கலில் கண்ணாடி முன் நிற்கும்போது அன்புக்கொடி மக்கள் நாமத்தைப் பார்த்த பிறகு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும். அங்கே தெரிவது அடிபட்ட முகமாக இருக்கலாம். அந்த முகத்துக்குள்ளேதான் அய்யா இருக்கிறார்.

அய்யா உண்டு.